திரும்பிப் பார்க்காத டிஃபெண்டர்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு யார் மேலும் கோபம் வராது. கிடைக்காவிட்டாலும் பெரிதாக வந்துவிடாது. சிங்காரவேலு கோபப்படாத ஆள் என்று ஆபீஸில் சொல்வார்கள், சொந்தக்காரர்கள் சொல்வார்கள், மைதானத்தில் நடுவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆடிய காலம் முழுவதும் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்காதவன் நான். இதைப் படித்து முடிக்கும்வரை அதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டத்துக் கால்பந்து ரசிகர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள். அதற்கு என் ஆட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். கூடவே நல்ல போட்டோ ஒன்று வேண்டும் என்றார்கள். போட்டோ உடனே கிடைத்துவிட்டது. எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. என் ஆட்டத்தைப் பற்றி எழுதினால் என் மச்சினன் பூவரசனுக்கு நான் செய்ததையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் முதல் பாதியோடு டிவியை நிறுத்தின மாதிரி இருக்கும். முழுசாகப் படித்தால் நீங்களும் என் மேல் கோபப்பட மாட்டீர்கள் என்றுதான் நம்புகிறேன்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எனக்கு. நாங்கள் பந்து ஆடிய இடத்தைச் சுற்றி மூன்று பக்கமும் முந்திரித் தோப்பு. பந்து தோப்புக்குள் போய்விட்டால் பாம்புக்குப் பயந்து எவனும் எடுக்கப் போகமாட்டான், ஆட்டம் அதோடு முடிந்துவிடும். அதனால் எங்கள் ஊரில் கோல் அடிக்கிறவனைவிடப் பந்தை வெளியே போகவிடாமல் நிறுத்துகிறவனுக்குத்தான் மரியாதை. நான் டிஃபெண்டர் ஆனது இப்படித்தான். பிறகு திருச்சியில் விளையாட்டு விடுதி, சென்னையில் ஒரு ஆபீஸ் டீம், கொல்கத்தாவில் சில சீசன், கோவாவில் சில சீசன். அப்புறம் இந்திய அணி. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலைதான் பெரம்பலூரில் இப்போது பார்ப்பது.

உலகம் முழுக்க முந்திரித் தோப்பு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெளியே போனால், கோல் போட்டவனைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். டிஃபெண்டர் நன்றாக ஆடினால் மைதானத்தில் ஒன்றுமே நடக்காது. நடக்காமல் போனதற்கு யார் பட்டாசு வெடிப்பார்கள்? கொல்கத்தாவில் ஒருமுறை, பெரிய பெயர் வாங்கிய வெளிநாட்டு ஆட்டக்காரன் ஒருவனை ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடவிடாமல் பார்த்துக்கொண்டேன். மறுநாள் பேப்பரில் 'நட்சத்திர வீரர் சோபிக்கவில்லை' என்று தலைப்பு. பாவம் அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று ஒரு பத்தி முழுக்கக் கவலைப்பட்டிருந்தார்கள். என் பெயர் அதில் இல்லை. இதிலெல்லாம் எனக்கு வருத்தமே கிடையாது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன். இருந்தது.

கடைசியில் என் பெயரும் பேப்பரில் வந்தது. வளைகுடாவில் ஒரு தகுதிச் சுற்று ஆட்டம். முடியப்போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிராளி ஒருவன் என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு வருகிறான், பந்து என் காலில். எங்கள் கீப்பர் அவர் இடத்தில் நிற்பார் என்று நம்பி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் தட்டினேன். அவரோ எனக்கு உதவி செய்ய வெளியே ஓடி வந்துகொண்டிருந்தார். பந்து அவரைத் தாண்டி, எந்த அவசரமும் இல்லாமல், காலியான கோலுக்குள் உருண்டு போனது. நாங்கள் தோற்றோம்.

அந்த கேலரியில் நம் பக்கத்து ஆட்கள் நிறைய இருந்தார்கள். அங்கே வேலை பார்க்கிற லப்பைக்குடிக்காட்டுப் பையன்கள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, என் பெயர் எழுதின துணியோடு வந்திருந்தார்கள். நாங்கள் ஹோட்டலுக்குப் போய்ச் சேருவதற்குள் அவர்கள் போனில் எடுத்த படம் ஊருக்கு வந்துவிட்டது. என் மாமியார் சிந்தாமணி அம்மாள் அடுத்த வீட்டுப் போனில் அதைப் பார்த்துவிட்டு, "எங்க மாப்ள கோல் போட்டுட்டாரு" என்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்துவிட்டார். வாங்கித் தின்றவர்களுக்கு விஷயம் தெரியும். ஆனால் சர்க்கரையை யார் வேண்டாம் என்பார்கள்.

தன் கோலில் தானே போட்டால் நம்மூரில் அதற்குச் சேம் சைடு என்று பெயர். அன்றிலிருந்து எனக்கும் அதுதான் பெயர். நான் தடுத்த பந்துகளை எல்லாம் யாரும் பார்க்கவில்லை. தடுக்காத ஒன்றை எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, ஊர்க்காரர்கள் கிண்டலிலும் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள். பஸ் கண்டக்டர் நல்லதம்பி என்னைப் பார்த்ததும் இடம் பிடித்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, "அண்ணே, பஸ்சு பெரம்பலூருக்குத்தான் போவுது. நீங்க பாட்டுக்கு ரிவர்ஸ்ல தட்டி வுட்டுறாதீங்க" என்பார். லப்பைக்குடிக்காட்டில் வருஷா வருஷம் நடக்கும், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் போட்டிக்கு நான்தான் சிறப்பு விருந்தினர். அங்கே பிரியாணி போட்டுக்கொண்டே பெரியவர் ஒருவர், "எங்க புள்ளைங்க அத நேர்லயே பாத்துருக்காங்க தம்பி. மாஷா அல்லாஹ், என்னா ஒரு நிதானமான அடி" என்றார். பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூட விழாவில் அறிமுகம் செய்தவர் விவரம் தெரியாத புது வாத்தியார். "இந்தியா ஆடிய சர்வதேசப் போட்டியில் மறக்க முடியாத கோலை அடித்தவர்" என்று வாசித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மற்ற வாத்தியார்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். நான் எழுந்து கும்பிட்டேன்.

இப்போது பூவரசன். என் மனைவி வேணியின் தம்பி. எங்கள் கல்யாணத்தின்போது டவுசர் போட்ட பையன். மாப்பிள்ளை அழைப்புக் காரின் கதவைத் திறந்து, என் காலடியில் ஒரு பந்தை வைத்து, "ஒரு தட்டு தட்டுங்க மாமா" என்று கேட்டவன். பட்டு வேட்டியோடு தட்டினேன். பந்து நாதஸ்வரக்காரர் மேல் போய் விழுந்தது. அன்றைக்கே அவனுக்கு என்னைப் பிடித்துப்போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் அக்காள் புருஷனைக் கிண்டல் செய்ய மச்சினனுக்கு முழு உரிமை உண்டு. என்ன சொன்னாலும் மாப்பிள்ளை சிரிக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மாப்பிள்ளைக்குத்தான் கேவலம். பூவரசன் அந்த உரிமையை ஒரு நாளும் வீணாக்கியதில்லை. தீபாவளி விருந்தில் எனக்கு வரவேண்டிய வடையைத் தன் இலையிலேயே வைத்துக்கொண்டு, "சேம் சைடு ஆயிடுச்சு மாமா" என்பான். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவன் மேல் எனக்குப் பிரியம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான் வாங்கிக் கொடுத்த பூட்ஸைப் போட்டுத்தான் அவன் முதன்முதலில் ஓடினான்.

அவனும் டிஃபெண்டர்தான் ஆனான். என்னைவிட நல்ல டிஃபெண்டர். இதை நான் மனசறிந்து சொல்கிறேன். எனக்கு வலது கால் மட்டும்தான் பேசும், அவனுக்கு இரண்டு காலும் பேசும். எல்லாவற்றையும்விட அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால், ஓடிக்கொண்டே, தலையைத் திருப்பிப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவான். கீப்பர் எங்கே, ஆள் எங்கே, காலி இடம் எங்கே என்று அதற்குள் அவனுக்குத் தெரிந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது. என் வீடியோவைச் சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பப் பார்த்து வந்தது.

மாநில அணிக்கு அவனை எடுத்தார்கள். மாநிலங்களுக்கு இடையிலான போட்டி முடிந்ததும் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு ஆள் எடுப்பதாகவும், பூவரசன் பெயர் ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்றும் பேச்சு. ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவனுக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். மண்டப வாசலை மறைக்கிற அளவுக்குப் பூவரசன் நின்றான். கீழே மூலையில், ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்த கடைக்காரர் போட்டோவுக்குப் பக்கத்தில், அவரைவிடக் கொஞ்சம் சின்னதாக நான்.

அதுகூடப் பரவாயில்லை. கடைசியில் அவன் மைக்கைப் பிடித்தான்.

"நான் டிஃபெண்டர் ஆனதுக்கு எங்க மாமாதான் காரணம். எதப் பண்ணணும்னு கோச்சுங்க சொல்லிக் குடுத்தாங்க. எதப் பண்ணக் கூடாதுன்னு எங்க மாமா ஒருத்தருதான் பண்ணியே காட்டுனாரு."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மேடையிலிருந்து இறங்கி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவன் மனதில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. எனக்குப் பக்கத்தில் வேணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எனக்குக் கோபம் வருகிறதா என்று உள்ளே பார்த்தேன். வரவில்லை. பொறாமைதான் இருந்தது. இவன் இந்திய அணிக்கு ஆடி நல்ல பெயரோடு திரும்பி வந்தால், இந்த மாவட்டத்துக்கு ஒரு டிஃபெண்டர் கிடைத்துவிடுவான். நான் செத்த பிறகும் சேம் சைடாகவே இருப்பேன். அந்தப் பெயரைச் சுமக்க இன்னொரு ஆள் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. இதில் என்ன பெரிய தப்பு இருக்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வது சொந்தத்துக்குள் நடக்கிற விஷயம்தானே.

மறுநாள் அவனே வந்து கேட்டான். "மாமா, ஸ்டேட் டீமோட கெளம்புற வரைக்கும் காலைல கொஞ்சம் பழக்கி வுடுங்க."

நான் தேடிப் போகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையை ஒட்டி ஒரு மைதானம் உண்டு. புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். விடிந்ததும் அங்கே போவோம். நான் கோலில் நிற்பேன். எனக்கு முதுகைக் காட்டி நிற்கிற அவனுக்கு முன்னால் போய் விழுகிற மாதிரி பந்தை வீசுவேன், அவன் அதை எனக்கு ஒரே தட்டில் திருப்ப வேண்டும். முதல் பந்திலேயே வழக்கம்போலத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"ஏன் பாக்குற?"

"நீங்க எங்க நிக்கிறீங்கன்னு பாத்தேன் மாமா."

"கீப்பர் எங்க நிப்பான்? கோலுலதான் நிப்பான். நீ திரும்பிப் பாக்குற நேரத்துல எதிராளி பந்த புடுங்கிட்டுப் போயிருவான். பெரிய லெவல்ல எல்லாம் ஒரு செகண்டுதான் மாப்ள. கீப்பர நம்பு."

அவன் நம்பினான். கீப்பரை அல்ல, என்னை. திரும்பினால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும் என்று வைத்தேன். முதலில் நிறைய ஓடினான். பிறகு குறைந்தது. அவன் பார்க்காமல் தட்டிய ஒவ்வொரு பந்தும் சரியாக என் காலுக்கு வந்தது, ஏனென்றால் நான் இடத்தைவிட்டு அசையவே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை. எதைச் சொன்னாலும் உடம்பில் ஏற்றிக்கொள்வான். கிளம்புவதற்குள் அவன் கழுத்து திரும்புவதையே மறந்துவிட்டது. "ஆமா மாமா, பாக்காம அடிச்சா ஒரு செகண்டு மிச்சமாவுது" என்று சந்தோஷப்பட்டான். உண்மைதான், மிச்சமாகும். அந்த ஒரு செகண்டை மிச்சம் பிடித்தவன்தானே நானும்.

மாநில அணியின் கீப்பரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லப்பைக்குடிக்காட்டுச் செவன்ஸில் நான் மேடையில் உட்கார்ந்து அவன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறேன். நல்ல கீப்பர். ஒரே ஒரு பழக்கம், ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் கோலில் நிற்கமாட்டான், உதவி செய்கிறேன் என்று வெளியே ஓடி வந்துவிடுவான். இதைப் பூவரசனிடம் சொல்லியிருக்கலாம். அவன் கேட்கவில்லை. கேட்காததை எல்லாம் நாம் ஏன் சொல்ல வேண்டும்.

அரையிறுதியை டிவியில் காட்டினார்கள். சொந்தம் எல்லாம் எங்கள் வீட்டில்தான் கூடியது. மாமியார் ஒரு தூக்கு நிறைய முறுக்கோடு வந்து டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பூவரசன் அன்று ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவனையும் கோலுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி பெட்டிக்குள் நுழையவிடவில்லை. எதிர் அணியின் முன்கள ஆட்டக்காரன் ஒருவன் வெறுத்துப்போய்த் தரையைக் காலால் உதைத்தான். எனக்குக் கொல்கத்தா ஞாபகம் வந்தது. என்னை அறியாமல் கைதட்டினேன். அந்தக் கைதட்டல் நிஜமானது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். எங்கள் ஆட்கள் ஒரு கோல் முன்னால். இடது ஓரத்தில் பந்து பூவரசனிடம் வந்தது, முதுகில் ஒருவன் ஒட்டிக்கொண்டு வந்தான். கீப்பர் கோலைவிட்டு ஓடி வருவது டிவியில் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. பூவரசனுக்குத் தெரியாது. தலையைத் திருப்பாமல் பின்னால் தட்டினான். நான் பழக்கிய அதே இடத்துக்கு, அதே வேகத்தில், அழகாக.

"கோலா? நம்மளுக்கா?" என்று மாமியார் கேட்டார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு முறுக்குத் தூக்கை அவரே மெதுவாக மூடிவைத்தார்.

அதன் பிறகு எங்கள் ஆட்கள் நொறுங்கிப்போய் இன்னொரு கோலும் வாங்கித் தோற்றார்கள். அது நான் பழக்கியது இல்லை.

மறுநாள் காலையில் அடுப்படியில் வேணி தோசை ஊற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"அவன் பந்தத் தொடுறதுக்கு முன்னாடியே நீங்க ஏன் கண்ண மூடுனீங்க?"

"டிஃபெண்டர் இல்லியா. நடக்கப்போறது முன்னாடியே தெரிஞ்சிரும்" என்றேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அந்த வீடியோவை ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் போட்டது யார் என்று ஒரு பேச்சு ஓடியது. போட்டது நான்தான். எப்படியும் யாராவது போட்டிருப்பார்கள். வெளி ஆள் போடுவதைவிடச் சொந்தக்காரன் போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். 'பரவாயில்லை, பூவரசா' என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

நாலைந்து நாள் கழித்து மாநில அணிக் கோச் எனக்குப் போன் செய்தார். நல்ல மனுஷன். "ஒரு தப்புக்காக அவன விட்டுற எனக்கு மனசு வரல சார். முகாமுக்கு அவன் பேர நான் சொல்லத்தான் போறேன். ஆனா பையன் மனசளவுல எப்படி இருக்கான்? ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார்.

இது எனக்கு ஒரு சின்னச் சோதனை. தேறி வந்துவிட்டான், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் எடுத்துக்கொண்டிருப்பார். நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரொம்ப ஒடஞ்சு போயிருக்கான் சார். இப்ப கொஞ்ச நாள் ரெஸ்ட் குடுக்கறதுதான் அவனுக்கு நல்லது" என்றேன். அனுபவப்பட்டவன் சொல்கிறான் என்று அவர் கேட்டுக்கொண்டார். நன்றியும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பூவரசன் வீட்டுக்கு வந்தான். இரண்டு வாய் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க எப்புடி மாமா இத்தன வருசமா இதத் தாங்குனீங்க? நாங்க எல்லாம் வேற சேந்துக்கிட்டுச் சிரிச்சோமே. நான் ஒங்கள எவ்ளோ பேசியிருக்கேன். தெரியாம பேசிட்டேன் மாமா. மன்னிச்சிருங்க."

என் தோளில் சாய்ந்து அழுதான். முதுகைத் தட்டிக் கொடுத்தேன். "பழகிரும் மாப்ள" என்றேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அழுதுகொண்டிருக்கிற பிள்ளையிடம் போய் அதை எப்படிச் சொல்வது? அதுவும் போக, அந்த நிமிஷம் எனக்கு நிறைவாக இருந்தது. அந்தக் கோலின் வலி என்னவென்று தெரிந்த ஒரே ஒரு ஆள் இந்த உலகத்தில் எனக்குக் கிடைத்திருந்தான்.

மறுபடியும் ஆடப் போகவா என்று என்னிடம்தான் கேட்டான். கேலரிக்காரர்கள் விடமாட்டார்கள், நான் பட்டவன், எனக்குத் தெரியும் என்றேன். லப்பைக்குடிக்காட்டுப் பெரியவரிடம் நானே பேசி, வளைகுடாவில் அவர் மகன் பார்க்கிற கடையில் ஒரு வேலை ஏற்பாடு செய்தேன். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானும் வேணியும் போய் வழியனுப்பினோம். பூட்ஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே போகும்போது திரும்பிப் பார்ப்பான் என்று வேணி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். அவன் பார்க்காமலே போய்விட்டான்.

வேணிக்கு எதுவும் தெரியாது. முன்பு மாதிரி பேசுவதில்லை, அவ்வளவுதான். தம்பி தூரத்தில் இருக்கிற கவலையாக இருக்கும். காலையில் சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுக்கும்போது மட்டும், "ரோட்ட கடக்குறப்ப பின்னாடியும் பாத்துக்கங்க. எந் தம்பிக்குத்தான் அந்தப் பழக்கம் வுட்டுப் போயிருச்சு" என்று ஒரு மாதிரியாகச் சொல்லுவாள். அக்கறைதான்.

இதோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது.

ஒரு நாள் காலையில் பஸ்ஸில் நல்லதம்பி, "சேம் சைடு வெளிநாடு போயிட்டாப்லயாம்ல" என்றார். என் பெயர் காதில் விழுந்ததும் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. டிரைவரிடம் பூவரசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அன்று எனக்கு ஜன்னல் ஓரம் பிடித்து வைக்க அவருக்கு மறந்துபோயிருந்தது. நின்றுகொண்டே பெரம்பலூர் போனேன்.

இந்த வருஷம் செவன்ஸில் என்னை மேடையில் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். மைக்கில், "நம்ம சேம் சைடு பூவரசன் இருக்காப்லல, அவரோட மாமா" என்று அறிமுகம் செய்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு பையனிடம், "நானும் ஒரு காலத்துல போட்டவன்தான் தம்பி" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"அப்புடியாண்ணே? எந்த மேட்ச்ல?" என்றான்.

விளக்கிச் சொன்னேன். ரொம்பப் பழசு போல என்று சொல்லிவிட்டு எலும்பைக் கடிக்கத் தொடங்கினான். பூவரசன் போட்ட கோலைப் பற்றி மட்டும் விடாமல் பேசினான். எப்படித் திரும்பாமல் தட்டினான், பந்து எவ்வளவு அழகாக உருண்டது, இப்படி ஒரு அடியை எவன் பழக்கியிருப்பான் என்றெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குக் கோபம் இல்லை. நான் தடுத்த பந்துகளை எல்லாம் பேப்பர்க்காரர்கள் யார் யார் பெயரிலோ எழுதினார்கள், பொறுத்துக்கொண்டேன். இதையுமா என்று இருந்தது.

மலர்க் குழுவினர் அச்சுக்கு அனுப்பப்போகிற மாதிரிப் பக்கத்தை நேற்று காட்டினார்கள். என் போட்டோவுக்குக் கீழே 'சர்வதேச ஆட்டத்தில் சேம் சைடு: ஒன்று' என்றும், பூவரசன் பக்கத்தில் 'தேசிய ஆட்டத்தில் சேம் சைடு: ஒன்று' என்றும் போட்டிருக்கிறார்கள். அதைத் திருத்தத்தான் இவ்வளவையும் எழுதினேன். அந்தப் பையன் அந்த ஆட்டத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. காலையில் எழுந்து வந்து, சொன்னதைக் கேட்டு, கேட்டதைச் செய்தான், அவ்வளவுதான். இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான், வேகத்தைச் சொன்னது நான், கீப்பர் எங்கே இருக்கமாட்டான் என்று தெரிந்து வைத்திருந்ததும் நான். ஆகவே அவன் பக்கத்தில் இருக்கிற ஒன்றை எடுத்துவிட்டு, என் பெயருக்கு நேரே இரண்டு என்று போடுங்கள். நான் பாடுபட்டதற்கு எனக்குப் பெயர் வந்தால் போதும்.